பார்வையற்றவர் தாமே நிரப்பும் படிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு அலுவலகம், கல்லூரி, வங்கி, தொண்டு நிறுவனம் என எங்கேயாவது இணையப் படிவமோ பிடிஎஃப் படிவமோ வேர்ட் படிவமோ தயாரிப்பவர்களுக்காக எழுதியது இது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமல்ல. மாலைக்குள் ஒரு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து ஏற்றிவிட வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் அலுவலக உதவியாளருக்கும்தான். பயிற்சி வகுப்புகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கண் தெரியாதவர் கணினியில் ஒரு படிவத்தை எப்படி நிரப்புகிறார்?

திரைவாசிப்பான் என்ற மென்பொருளைக் கொண்டு. திரையில் இருப்பதை அது குரலில் சொல்லும். பிரெயில் கருவி இணைத்திருந்தால் விரலுக்கடியில் புள்ளிகளாகவும் தரும். விண்டோஸில் என்விடிஏ, ஜாஸ். ஐபோனிலும் மேக்கிலும் வாய்ஸ்ஓவர். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக். இவற்றில் என்விடிஏ முற்றிலும் இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரு நிரலாளர்களின் உழைப்பில் வளர்ந்தது, 2006இல் தொடங்கியது.

கணினியில் அவர்கள் பெரும்பாலும் சுட்டியைத் தொடுவதில்லை. எல்லாம் விசைப்பலகையில்தான். இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். திரைவாசிப்பான் இரண்டு நிலைகளில் இயங்குகிறது. ஒன்று படிக்கும் நிலை: அம்பு விசையை அழுத்த அழுத்த, பக்கத்தில் உள்ளதை வரிவரியாகக் கேட்கலாம். மற்றது நிரப்பும் நிலை: பெட்டிக்குள் நுழைந்ததும் விசைகள் தட்டச்சுக்குப் போய்விடும், டேப் விசையை அழுத்தினால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவும். இந்த இரண்டாம் நிலையில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நீங்கள் எழுதி வைத்திருக்கும் எதுவும் காதில் விழாது. பெட்டியோடு கட்டி வைத்தது மட்டுமே விழும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு செய்தியிலிருந்து பிறந்தவை.

பக்கத்தில் இருப்பவர் உதவினால் போதாதா? எதற்கு இவ்வளவு பாடு?

ஒரு படிவம் என்னென்ன கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், சம்பளம், சாதி, நோய், மணமுறிவு. இவற்றையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனிடமோ இணைய மையத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடமோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எந்தக் குடிமகனையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர் சரியாகத்தான் எழுதினாரா என்று சரிபார்க்கவும் வழியில்லை. தப்பாக எழுதப்பட்ட ஒரு தேதியால் உதவித்தொகை நின்றுபோனால் இழப்பு யாருக்கு? உதவி வேண்டுமா வேண்டாமா என்பதை நிரப்புகிறவர் முடிவு செய்ய வேண்டும். படிவம் முடிவு செய்யக் கூடாது.

ஒரே ஒரு திருத்தம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

லேபிளை, அதாவது பெட்டி எதற்கு என்று சொல்லும் எழுத்தை, அந்தப் பெட்டியோடு இணையுங்கள். வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

'தந்தை பெயர்' என்று எழுதி அதற்கு அருகே ஒரு பெட்டி வரைந்தால், பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்தவை என்று தெரியும். திரைவாசிப்பானுக்கு அருகாமை என்பது ஒரு பொருட்டே இல்லை. அந்த எழுத்தும் அந்தப் பெட்டியும் நிரலில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைக்காத படிவத்தில் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் கேட்பது இதுதான்: "எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க்." எது தந்தை பெயர், எது தாய் பெயர், எது அஞ்சல் குறியீடு? ஒவ்வொரு பெட்டியிலும் படிக்கும் நிலைக்குத் திரும்பி, மேலே போய், கீழே வந்து, ஊகித்து நிரப்ப வேண்டும். இணைத்த படிவத்தில் அதே பெட்டி, "தந்தை பெயர், எடிட், ரிக்வயர்ட், பிளாங்க்" என்று தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்-இல் இது ஒரு வரி வேலை. பெட்டிக்கு ஒரு ஐடி, அதாவது தனி அடையாளப் பெயர், கொடுங்கள். லேபிள் குறிச்சொல்லில் ஃபார் என்ற பண்புக்கு அதே ஐடியை எழுதுங்கள். ஒரே ஐடியை இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிரந்தர முகவரிப் பகுதியை அப்படியே நகலெடுத்துத் தற்போதைய முகவரிக்கு ஒட்டும்போது இந்தத் தவறு சத்தமில்லாமல் நுழைந்துவிடும். நகலெடுத்த பகுதியின் லேபிள்கள் எல்லாம் முதல் பகுதியின் பெட்டிகளையே சுட்டிக்கொண்டிருக்கும். சரியாக இணைத்தீர்களா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: சுட்டியால் லேபிள் எழுத்தின் மேல் சொடுக்குங்கள். அதற்குரிய பெட்டிக்குள் கர்சர் போய் நின்றால் இணைந்திருக்கிறது என்று பொருள்.

லேபிளே போடாமல், பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் 'உங்கள் பெயர்' என்று எழுதினால் அழகாக இருக்கிறதே?

வேண்டாம். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். பத்துப் பெட்டி நிரப்பியபின் சரிபார்க்கத் திரும்பி வருபவருக்கு எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாது. அதைப் படிக்கும் விதத்திலும் திரைவாசிப்பானுக்குத் திரைவாசிப்பான் வேறுபாடு உண்டு. சாம்பல் எழுத்து மங்கலாக இருப்பதால் குறைபார்வை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது கண்ணிலேயே படாது. லேபிள் பெட்டிக்கு வெளியே, எப்போதும் தெரியும்படி இருக்கட்டும்.

ஆம், இல்லை என்று தேர்வு செய்யும் கேள்விகளில் என்ன கவனிக்க வேண்டும்?

'ஆம்' என்பதற்கு லேபிள் இருக்கும், 'இல்லை' என்பதற்கும் இருக்கும், கேள்விக்கு இருக்காது. கேட்பவருக்கு "ஆம், ரேடியோ பட்டன், 1 ஆஃப் 2" என்று மட்டும் வரும். எதற்கு ஆம்? 'முன்னாள் ராணுவத்தினரா?' என்பதற்கா, 'உங்கள் மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா?' என்பதற்கா? இரண்டு கேள்விகளும் அடுத்தடுத்து வரும் விண்ணப்பங்கள் நம் ஊரில் ஏராளம். தவறான இடத்தில் ஒரு தேர்வு விழுந்தால் வேலையே போய்விடும்.

விடைகளை ஃபீல்ட்செட் என்ற குறிச்சொல்லுக்குள் வைத்து, கேள்வியை லெஜண்ட் குறிச்சொல்லில் எழுதுங்கள். அந்தக் குழுவுக்குள் நுழையும்போதே கேள்வி ஒலிக்கும். லெஜண்டில் ஒரு பத்தியையே எழுதி வைக்காதீர்கள். சில திரைவாசிப்பான்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.

'நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்' என்று மேலே எழுதியிருக்கிறோம். போதுமா?

போதாது. குறிகளை எவ்வளவு படிக்க வேண்டும் என்பதைப் பயனர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறார். நட்சத்திரம் காதில் விழாமலே போகலாம். பெட்டிக்கு ரிக்வயர்ட் என்ற பண்பைச் சேருங்கள். லேபிளிலேயே 'கட்டாயம்' என்று எழுதிவிட்டால் இன்னும் நல்லது. சிவப்பு நிறத்தை மட்டும் நம்பவே கூடாது.

இதே போலத்தான் பெட்டிக்குக் கீழே எழுதும் குறிப்புகளும். 'இடைவெளி இல்லாமல் 12 இலக்கம்', 'பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி' என்பன நிரப்பும் நிலையில் தாவிப்போய்விடும். குறிப்புக்கு ஓர் ஐடி கொடுத்து, பெட்டியில் ஏரியா-டிஸ்கிரைப்டுபை என்ற பண்பால் அதைச் சுட்டுங்கள். முதலில் லேபிள், சற்று இடைவெளி விட்டுக் குறிப்பு என்று கேட்கும். 'சமர்ப்பி' பொத்தானுக்குக் கீழே முக்கியமான நிபந்தனை எதையும் எழுதாதீர்கள். பொத்தானை அழுத்தியவர் அதற்கப்புறம் போய்ப் படிக்க மாட்டார்.

பிழை இருந்தால் சிவப்பில் காட்டுகிறோம். அதில் என்ன குறை?

பார்வையற்றவர் பக்கம் இருந்து பாருங்கள். அரை மணி நேரம் நிரப்பி, சமர்ப்பி என்பதை அழுத்துகிறார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். ஒன்றுமில்லை. இணையம் போய்விட்டதா, விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, இரண்டு முறை போய்விட்டதா? திரையின் உச்சியில் 'கைபேசி எண் தவறு' என்று சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அதை அவருக்குச் சொல்ல யாருமில்லை. கடைசித் தேதியன்று இப்படிச் சமர்ப்பித்துவிட்டதாக நம்பி எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். படிவங்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகுந்த கோபம் தருவது இந்த மௌனம்தான்.

செய்ய வேண்டியது இது. சமர்ப்பித்தபின் பிழை இருந்தால், படிவத்தின் மேலே 'இரண்டு பிழைகள் உள்ளன' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் காட்டுங்கள். கர்சர் கவனத்தை அந்தத் தலைப்புக்குக் கொண்டுபோங்கள். அப்போது அது தானாகவே ஒலிக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் அந்தந்தப் பெட்டிக்குப் போகும் இணைப்பாக இருக்கட்டும். பெட்டிக்குப் போனதும் என்ன தவறு என்பது அங்கேயும் கேட்க வேண்டும்: ஏரியா-இன்வேலிட் என்ற பண்பைச் சேர்த்து, பிழை வாசகத்தைப் பெட்டியோடு இணையுங்கள்.

வாசகமும் உதவ வேண்டும். 'தவறான உள்ளீடு' என்றால் என்ன செய்வது? 'கைபேசி எண்ணில் 9 இலக்கம்தான் உள்ளது. 10 இலக்கம் வேண்டும்' என்றால் அடுத்த நொடியே திருத்திவிடலாம். ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடாதீர்கள். ஒரு பிழைக்காக முப்பது பெட்டிகளையும் காலியாக்கும் படிவம் யாருக்கும் ஆகாது. திரைவாசிப்பான் பயனருக்கு அது இன்னொரு அரை மணி நேரம்.

வெற்றிச் செய்திக்கும் இதே விதி. 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்பதும் விண்ணப்ப எண்ணும் எழுத்தாக, குரலில் கேட்கும்படி, நகலெடுக்கும்படி இருக்க வேண்டும். பச்சை நிற டிக் படம் மட்டும் காட்டினால் அது யாருக்கும் எதையும் சொல்லாது.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி, மாவட்டத்துக்கு அழகான பட்டியல் வைத்திருக்கிறோம். சிக்கல் வருமா?

பெரும்பாலும் வரும். நாட்காட்டியில் மாதம் மாதமாகப் பின்னோக்கிப் போய் 1962ஐ அடைய எத்தனை முறை அழுத்த வேண்டும்! தம் பிறந்த நாள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். அதைத் தட்டச்சு செய்ய விடுங்கள். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் லேபிள், மூன்றையும் 'பிறந்த தேதி' என்ற குழுவுக்குள் வையுங்கள். நாட்காட்டி வேண்டுமானால் கூடுதலாக இருக்கட்டும்.

பட்டியல்களில் பெரிய கேடு எதுவென்றால், உலாவியே தரும் செலக்ட் குறிச்சொல்லை விட்டுவிட்டு, தனக்கென்று பொருள் இல்லாத வெறும் டிவ் குறிச்சொற்களை அடுக்கிப் பட்டியல்போலத் தோன்றச் செய்வது. திரைவாசிப்பானுக்கு அது பட்டியலாகத் தெரியாது. "கிளிக்கபிள்" என்று மட்டும் சொல்லும், அல்லது டேப் விசைக்கு அகப்படாமலே போகும். உலாவி தருவதையே பயன்படுத்துங்கள். அதில் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்குத் தாவலாம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் தமிழில் இருந்து, பயனரின் விசைப்பலகை ஆங்கில அமைப்பில் இருந்தால் அந்த வசதி கிடைக்காது. அம்பு விசையால் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். அதனால் வரிசையாவது அகரவரிசையாக இருக்கட்டும்.

இன்னொன்று: மாவட்டத்தைத் தேர்ந்தவுடன் பக்கத்தை மறுபடி ஏற்றி வட்டங்களின் (தாலுகா) பட்டியலைக் கொண்டுவரும் படிவங்கள் உண்டு. அம்பு விசையால் இறங்கும்போது முதல் பெயரிலேயே பக்கம் மாறி, கர்சர் உச்சிக்குப் போய்விடும். கீழே உள்ள பட்டியலை மட்டும் மாற்றுங்கள், பக்கத்தை அசைக்காதீர்கள்.

கேப்ட்சாவும் ஓடிபியும் பாதுகாப்புக்குத் தேவை அல்லவா?

பாதுகாப்பு தேவைதான். வளைந்து நெளிந்த எழுத்துப் படத்தைப் படித்துக் காட்டச் சொல்வதுதான் பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஒலிக் கேப்ட்சா ஓரளவு உதவும். காதும் கேளாதவருக்கு அதுவும் இல்லை. பின்னணியிலேயே இயந்திரத்தை இனம்காணும் முறைகள், மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்து, அதை நிரப்பும் இயந்திரத்தைப் பிடிக்கும் பொறிப்பெட்டி, கைபேசி அல்லது மின்னஞ்சல் வழிச் சரிபார்ப்பு என்று மாற்று வழிகள் உள்ளன. பொறிப்பெட்டி வைத்தால் அதைத் திரைவாசிப்பானிடமிருந்தும் மறையுங்கள். இல்லையென்றால் அதில் விழப்போவது பார்வையற்றவர்தான்.

ஓடிபியில் சிக்கல் நேரம். குறுகிய நேரத்துக்குள் செய்தியைத் திறந்து, ஆறு இலக்கங்களைக் கேட்டு, திரும்பி வந்து, தட்டச்சு செய்ய வேண்டும். உலக அளவில் பின்பற்றப்படும் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்கள் இதற்கு ஒரு அளவுகோல் தருகின்றன: நேரக் கெடுவை நீக்கவோ நீட்டவோ முடிய வேண்டும், கெடு முடியும் முன் எச்சரித்து, நீட்டிப்பதற்குக் குறைந்தது 20 நொடி தர வேண்டும், குறைந்தது பத்து முறை நீட்டிக்க இடம் இருக்க வேண்டும். பாதுகாப்பு காரணமாக ஓடிபி காலாவதி ஆகத்தான் வேண்டும் என்றால், நிரப்பியவை அழியாமல் புதிய எண்ணைப் பெற வழி வையுங்கள். ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டி வேண்டாம். ஒரே பெட்டி போதும். நகலெடுத்து ஒட்டுவதையும் தடை செய்யாதீர்கள். அந்த வழிகாட்டுதல்களின் 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பு, உள்நுழைவின்போது மனப்பாடத்தையோ நகலெழுதுவதையோ கட்டாயமாக்கக் கூடாது என்றே சொல்கிறது.

புகைப்படம், கையெழுத்து பதிவேற்றம்?

அளவு வரம்பை முன்கூட்டியே, பொத்தானோடு இணைத்துச் சொல்லுங்கள். பதிவேற்றம் முடிந்ததும் கோப்பின் பெயரைச் சொல்லுங்கள். தவறான கோப்பை ஏற்றிவிட்டோமா என்று அறிய அவருக்கு அது ஒன்றுதான் துணை. சுட்டியால் திரையில் கையெழுத்து வரையச் சொல்வது பார்வையற்றவர்களுக்கு முடியாத காரியம். பெயரைத் தட்டச்சு செய்து உறுதிமொழியை ஏற்பது, பெருவிரல் ரேகைப் படத்தை ஏற்பது என்று ஏதேனும் ஒன்றை அனுமதியுங்கள்.

தமிழில் படிவம் போட்டால் திரைவாசிப்பான் படிக்குமா?

படிக்கும், இரண்டு நிபந்தனைகளோடு.

முதலாவது, எழுத்து யூனிகோடாக, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். ஒரு முழு விண்ணப்பத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள். பொருள் என்று ஒன்றுமே மிஞ்சாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருவில் உள்ள மாதிரிப் படிவத்தைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி, மறுபடி வெளியிடும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் அறிவிக்க வேண்டும். எச்டிஎம்எல் குறிச்சொல்லில் லேங் பண்புக்கு டிஏ என்ற குறியீடு, அவ்வளவுதான். அறிவித்தால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறிக்கொள்ளும். அறிவிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போகலாம். பயனருக்கு மௌனமே கிடைக்கும். ஆங்கிலமும் தமிழும் கலந்த இருமொழிப் படிவத்தில் அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த மொழியைக் குறியுங்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. இயந்திரத்தனமாக ஒலிக்கும், ஆனால் பழகியவர்கள் அதை மிக வேகமாகக் கேட்பார்கள்.

தமிழில் விடை எழுதும் பெட்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. 'எழுத்துகள் மட்டும்' என்று சரிபார்க்கும் நிரல் பல இடங்களில் உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகக் கருதாது. 'குமார்' என்று எழுதினால் 'சிறப்புக் குறிகள் அனுமதியில்லை' என்று திருப்பிவிடும். பார்ப்பவருக்கே எரிச்சலான இந்தப் பிழை, கேட்பவரைத் தம் விசைப்பலகை மேல் சந்தேகப்பட வைக்கும். 'ஸ்ரீ' என்ற ஒன்றைக் கணினி நான்காக எண்ணும் என்பதையும் எழுத்து வரம்பு வைக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாம் பிடிஎஃப். அதைச் சரிசெய்ய முடியுமா?

முதலில் ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிடிஎஃப் ஆகத்தான் இருக்க வேண்டுமா? தமிழ்ப் படிவம் என்றால் எச்டிஎம்எல் படிவத்தையே நான் அழுத்திச் சொல்வேன். பிடிஎஃப்-இல் தமிழ் எழுத்து பார்வைக்குச் சரியாக இருந்தாலும் உள்ளே வரிசை குலைந்திருப்பது சகஜம். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிவதால் முன்னாலேயே பதிவாகி, சொல் உடைந்துபோகும். பிடிஎஃப்-இலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதுதான்.

பிடிஎஃப் தவிர்க்க முடியாது என்றால், வேலை இந்த வரிசையில் போகும். வருடி எடுத்த படமாக இருந்தால் அது படிவமே அல்ல, புகைப்படம். மூலக் கோப்பிலிருந்து புதிதாகச் செய்யுங்கள். அக்ரோபேட்டில் 'பிரிப்பேர் ஃபார்ம்' கருவி பெட்டிகளைத் தானாகக் கண்டுபிடித்துத் தரும். அதை அப்படியே ஏற்காதீர்கள். கோடு கண்ட இடமெல்லாம் பெட்டி போட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் பண்புகளையும் திறந்து, டூல்டிப் என்ற இடத்தில் லேபிளை யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பக்கத்தில் அச்சாகியிருக்கும் லேபிளைத் திரைவாசிப்பான் பெட்டியின் பெயராக எடுத்துக்கொள்ளாது. இந்த டூல்டிப்பையே எடுத்துக்கொள்ளும். பக்க எழுத்து உடைந்திருந்தாலும் பெட்டிகளாவது தெளிவாகப் பேசுவதற்கு இது ஒன்றே வழி.

கணக்கு எண்ணுக்கு இலக்கத்துக்கு ஒரு கட்டம் என்ற காகிதப் பழக்கத்தைப் பிடிஎஃப்-க்குள் கொண்டுவராதீர்கள். ஆதார் எண்ணுக்குப் பன்னிரண்டு பெட்டிகள் என்றால் பன்னிரண்டு முறை டேப், பன்னிரண்டு அறிவிப்பு. ஒரே பெட்டியை வைத்து, அதன் பண்புகளில் 'கோம்ப்' வசதியைத் தேர்ந்தால் பார்வைக்குக் கட்டங்கள் தெரியும். கேட்பவருக்கு ஒரே பெட்டிதான்.

பிறகு ஆவணத்துக்குக் குறிச்சொற்கள் சேர்த்து, பெட்டிகளும் அந்தக் குறிச்சொல் மரத்தில் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, டேப் வரிசையை ஆவணக் கட்டமைப்பின்படி என்று அமையுங்கள். இல்லையென்றால் பெயரிலிருந்து நேராக மூன்றாம் பக்கக் கையொப்பத்துக்குத் தாவும் படிவம் கிடைக்கும். ஆவணத்தின் மொழியையும் தலைப்பையும் குறியுங்கள். கோப்புக்குப் பாதுகாப்புப் பூட்டுப் போடும்போது, திரைவாசிப்பானுக்கு அனுமதி தரும் தேர்வை எடுத்துவிடாதீர்கள்.

அணுகத்தக்க பிடிஎஃப்-க்கு 2012இலிருந்தே ஐஎஸ்ஓ 14289 என்ற தரம் இருக்கிறது. எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவங்கள் உங்களிடம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். பல செயலிகளில் அவை திறப்பதே இல்லை, பிடிஎஃப் 2.0 தரமும் அவற்றை ஒதுக்கிவிட்டது.

வேர்ட் கோப்பில் கோடு போட்டு அனுப்புகிறோமே?

அடிக்கோட்டுக் குறியைத் தட்டிக்கொண்டே போய் உண்டாக்கும் கோடு நிரப்புமிடம் ஆகாது. கேட்பவருக்கு அது அடிக்கோடுகளின் அணிவகுப்பு. அதன் மேல் தட்டச்சு செய்தால் கோடு நகர்ந்து வரி கலையும். டெவலப்பர் தாவலில் உள்ள கண்டென்ட் கண்ட்ரோல்களைச் செருகி, ஒவ்வொன்றின் பண்புகளிலும் தலைப்பை எழுதுங்கள். படிவம் சிறியது என்றால் 'பெயர்:' என்று எழுதி அதற்கு அடுத்த வரியைக் காலியாக விடுவது கூடப் போதும்.

'ஃபார்ம் நிரப்ப மட்டும்' என்று பழைய முறையில் பூட்டிய கோப்பில் பெட்டிக்குப் பெட்டி மட்டுமே போக முடியும். நடுவிலுள்ள விதிமுறைகளைப் படிக்கவே வழி இருக்காது. பூட்டாமல் விடுங்கள். வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமித்தால் நிரப்பும் பெட்டிகள் வெறும் எழுத்தாகிவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. லிப்ரேஆபிஸ் ரைட்டரில் படிவக் கூறுகளை வைத்தால், நிரப்பத்தக்க பிடிஎஃப் ஆகவே ஏற்றுமதி செய்யலாம். அது இலவசமும் கூட.

கூகுள் ஃபார்ம்ஸ் போதுமா?

சிறிய அலுவலகத்துக்கு நல்ல தேர்வு. லேபிளும் குழுவும் தாமாகவே இணைந்து வரும். கட்டக் கேள்விகளை, அதாவது வரிசைக்கு வரிசை, பத்திக்குப் பத்தி என்று அமைந்த அட்டவணை வகையைத் தவிருங்கள். காதால் பின்தொடர்வது கடினம். அறிவிப்பைப் படமாகச் செய்து தலையில் ஒட்டிவிட்டு எழுத்தில் ஒன்றுமே சொல்லாமல் விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 40ஆம் பிரிவு அணுகல் தரங்களை வகுக்கச் சொல்கிறது. 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றியது. 46ஆம் பிரிவு சேவை தருபவர்கள் அரசானாலும் தனியாரானாலும் அந்தத் தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802, மத்திய அரசின் இணையதள வழிகாட்டுதல்களான ஜிஐஜிடபிள்யூ 3.0 ஆகியவை நடைமுறைக்கான அளவுகோல்கள்.

நீதிமன்றம் இதில் உறுதியாகவே பேசியிருக்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமான விதிகள் வேண்டும் என்று சொல்லி, அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 15(1)ஐச் செல்லாது என்றது. அதைவிடப் படிவங்களுக்கு நெருக்கமானது 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் வந்த தீர்ப்பு. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவரும், வாடிக்கையாளரை அடையாளம் காணும் டிஜிட்டல் நடைமுறையை எங்களால் முடிக்க முடியவில்லை என்று முறையிட்டிருந்தார்கள். கண் சிமிட்டிக் காட்டு என்கிறது செயலி. சிமிட்ட இமை இல்லாதவர் என்ன செய்வார்? டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது.

எல்லாம் செய்தாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், ஸ்பேஸ், என்டர், அம்பு விசைகளால் மட்டும் படிவத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்புங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது எப்போதும் தெரிகிறதா? எங்கேயாவது மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகிறதா? பெருங்குறைகளில் பலவும் இதிலேயே அகப்பட்டுவிடும்.

அடுத்து என்விடிஏவை நிறுவுங்கள். அதன் கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுக் காட்டியைத் திறந்தால், சொல்வதெல்லாம் எழுத்தாகவும் தெரியும். புதியவர்களுக்கு அது பெரிய உதவி. சற்றுப் பழகியபின் என்விடிஏ விசையோடு கண்ட்ரோல், எஸ்கேப் அழுத்தித் திரையை இருட்டாக்கிவிட்டு நிரப்புங்கள். வேண்டுமென்றே தவறாக நிரப்பிச் சமர்ப்பியுங்கள். பிழைச் செய்தி கேட்கிறதா? இதைச் செய்யாமல் எந்தப் படிவத்தையும் வெளியிடக் கூடாது என்பது என் கட்சி.

ஆக்ஸ், வேவ், பிடிஎஃப்-க்குப் பாக் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் லேபிள் இல்லாத பெட்டியைக் கண்டுபிடிக்கும். தந்தை பெயர்ப் பெட்டிக்குத் தாய் பெயர் என்று லேபிள் இருந்தால் அவற்றுக்குத் தெரியாது. அதனால் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர் செய்வது நிபுணர் வேலை. அதற்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் குறுக்கே பேசி வழிகாட்டாதீர்கள். அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தான் அழைத்திருக்கிறீர்கள்.

எங்களிடம் நூற்றுக்கணக்கில் பழைய படிவங்கள் உள்ளன. எங்கே தொடங்குவது?

அதிகம் பேர் பயன்படுத்துவது எது, நிரப்ப முடியாவிட்டால் பெரிய இழப்பு எதில் என்று இரண்டு பட்டியல் எடுங்கள். உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம், புகார் மனு ஆகியவை இரண்டிலும் இருக்கும், அங்கே தொடங்குங்கள். யாரும் தொடாத படிவங்களை நீக்கிவிடுங்கள். இனிப் புதிதாக வெளியிடும் எதுவும் மேலே சொன்ன சோதனையில் தேறிய பின்பே வெளியாகட்டும். அப்போதுதான் பழைய குவியல் வளராமல் நிற்கும்.

வேலை முடியும் வரை ஒவ்வொரு படிவத்தின் முதல் வரியாக இதைச் சேருங்கள்: 'இந்தப் படிவத்தை நிரப்புவதில் தடை இருந்தால் இந்த எண்ணில் அழையுங்கள்.' அந்த எண்ணை எடுப்பதற்கு ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அழைத்தவர் எந்தப் பெட்டியில் நின்றுபோனார் என்பதை அந்த ஆள் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். அடுத்து எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.